இளையோர் குற்றத் தடுப்புக்கும் மறுவாழ்வுக்கும் நிதி: திட்டமிடுவது முதல் கணக்கு முடிப்பது வரை

தடம் மாறக்கூடிய நிலையில் இருக்கும் பிள்ளைக்கும் சரி, தடம் மாறி சிறார் இல்லத்தில் இருந்துவிட்டுத் திரும்பும் பிள்ளைக்கும் சரி, முதல் தேவை ஒன்றுதான். நம்பத்தக்க ஒரு பெரியவர் பல மாதங்கள் விடாமல் உடன் இருக்க வேண்டும். சமூக அமைப்புகள் நிதி கேட்கும்போது உண்மையில் கேட்பது அந்தப் பெரியவரின் நேரத்தைத்தான். ஆனால் பல விண்ணப்பங்களில் பணம் தொடக்க விழாவுக்கும், பதாகைக்கும், ஒருநாள் விழிப்புணர்வு முகாமுக்கும், கணினிக்கும் போய்விடுகிறது. களப்பணியாளரின் சம்பளம் ஆறாவது மாதத்தில் நின்றுவிடுகிறது. பிள்ளை அவரை நம்பத் தொடங்குவதும் ஏறக்குறைய அந்த நேரத்தில்தான்.

தங்கள் பகுதியில் இப்படியொரு திட்டம் தொடங்க நினைக்கும் சிறு அமைப்புகளுக்கும், அவற்றுக்கு நிதி தரும் உள்ளாட்சி அமைப்புகளுக்கும் அறக்கட்டளைகளுக்கும் இந்த வழிகாட்டி. சம்பளமும் விலைவாசியும் இடத்துக்கு இடம் மாறும். ஆகவே கணக்குகள் எல்லாம் ஆள், மாதம், மணி நேரம், விழுக்காடு ஆகியவற்றில் இருக்கின்றன. உங்கள் ஊர்ச் சம்பளத்தை அவற்றில் பொருத்திக்கொண்டால் தொகை கிடைத்துவிடும்.

படி 1: யாருக்காக என்பதை முடிவு செய்யுங்கள்

"ஆபத்தில் இருக்கும் இளையோர்" என்று எழுதினால் யாரையும் சுட்டவில்லை என்று பொருள். குறைந்தது மூன்று பிரிவுகள் உண்டு. எந்தக் குற்றத்திலும் சிக்காத, ஆனால் வறுமையும் வன்முறையும் மிகுந்த பகுதியில் வளரும் பிள்ளைகள் முதல் பிரிவு. பள்ளியை விட்டு நின்றவர்கள், காவல்துறையிடம் எச்சரிக்கை வாங்கியவர்கள், அண்ணனோ நண்பர்களோ வழக்கில் சிக்கியவர்கள் இரண்டாம் பிரிவு. ஏற்கெனவே நீதிமன்றமோ சிறார் இல்லமோ பார்த்தவர்கள் மூன்றாம் பிரிவு.

முதல் பிரிவுக்குப் பள்ளியும் மைதானமும் நூலகமுமே பெரும்பாலும் போதும். ஒரு பிள்ளைக்கு ஆகும் செலவு குறைவு, எண்ணிக்கை அதிகம். மூன்றாம் பிரிவில் எண்ணிக்கை குறைவு, ஒரு பிள்ளைக்கு ஆகும் செலவு பல மடங்கு. இரண்டையும் ஒரே விண்ணப்பத்தில் கலந்து, "500 இளையோருக்குச் சேவை" என்று எழுதினால், எண்ணிக்கையை எட்டுவதற்காகப் பணியாளர்கள் எளிதான பிள்ளைகளிடமே போவார்கள். கடினமான 20 பேர் கைவிடப்படுவார்கள். அந்த 20 பேருக்காகத்தான் திட்டமே எழுதப்பட்டிருக்கும்.

கனடாவில் ஆண்ட்ரூஸ், பான்டா, ஹோக் ஆகியோர் 1990இல் முன்வைத்த ஆபத்து, தேவை, ஏற்புத்தன்மை என்ற கோட்பாடு இந்தத் துறையின் அடிப்படை. ஆபத்து அதிகமுள்ளவருக்கு அதிக உதவி, குறைவாக உள்ளவருக்குக் குறைவான தலையீடு. குற்றத்தைத் தூண்டும் குறிப்பிட்ட தேவைகளில் கவனம். பிள்ளையின் கற்கும் விதத்துக்கு ஏற்ற முறை. இதில் முதல் வரியின் இரண்டாம் பாதியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சின்னத் தவறு செய்த பிள்ளையைத் தீவிரத் திட்டத்தில் சேர்த்தால் அவனுக்குப் புதிய சகவாசமும் புதிய முத்திரையும் கிடைக்கும். பள்ளிக்கும் வீட்டுக்கும் உள்ள நல்ல பிடிமானம் தளரும். விட்டிருந்தால் தானே சரியாகியிருக்கும் பிள்ளை அவன்.

ஆபத்தை மதிப்பிடக் கேள்விப்பட்டியல் கருவிகள் உண்டு. ஒய்.எல்.எஸ்./சி.எம்.ஐ. என்பதில் 8 தலைப்புகளில் 42 கேள்விகள். இத்தகைய கருவிகளுக்கு உரிமக் கட்டணமும் பயிற்சிக் கட்டணமும் இருக்கும். அவற்றை பட்ஜெட்டில் போடாமல் விட்டால், கருவியைப் பயிற்சியில்லாத ஒருவர் பத்து நிமிடத்தில் நிரப்பிக் கோப்பில் வைப்பார். அதனால் எந்தப் பயனும் இல்லை.

படி 2: பலன் தெரிந்த வேலைக்கு மட்டும் பணம் கேளுங்கள்

நல்ல எண்ணத்தோடு தொடங்கிய திட்டங்கள் தீங்கு செய்ததற்கு ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 1939இல் தொடங்கிய கேம்பிரிட்ஜ்–சோமர்வில் ஆய்வில், 253 இணைகளாகச் சிறுவர்களைப் பிரித்து, ஒவ்வோர் இணையிலும் ஒருவனுக்கு ஆலோசனை, பாட உதவி, கோடை முகாம் எல்லாம் கொடுத்தார்கள். முப்பது ஆண்டு கழித்துத் தேடிப்பார்த்தபோது, உதவி பெற்றவர்களின் நிலை பல அளவுகோல்களில் பெறாதவர்களைவிட மோசமாக இருந்தது. முகாமுக்குத் திரும்பத் திரும்ப அனுப்பப்பட்டவர்களிடம் தீங்கு அதிகம். தவறில் நாட்டமுள்ள பிள்ளைகளைக் கண்காணிப்புக் குறைவான கூட்டத்தில் ஒன்றாக விட்டால், ஒருவன் சொல்லும் சாகசத்துக்கு மற்றவன் சிரிப்பான். அந்தச் சிரிப்பே பாடமாகிவிடும்.

சிறைக்கு அழைத்துப் போய் ஆயுள் கைதிகளைக் கொண்டு மிரட்டவைக்கும் முறையும் இப்படித்தான். 1970களில் நியூஜெர்சியின் ராவே சிறையில் புகழ்பெற்ற அந்த முறையைப் பற்றிய சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த ஆய்வுகள், ஒன்றுமே செய்யாமல் இருப்பதைவிட அது கெடுதல் என்று காட்டின. ஆனாலும் நிதி தருபவர்களுக்கு இன்றும் அது கவர்ச்சியாகவே இருக்கிறது. ஒரு நாளில் முடியும், புகைப்படம் கிடைக்கும். யாராவது அதற்குப் பணம் தர முன்வந்தால் மறுத்துவிடுங்கள். ராணுவப் பாணி ஒழுங்கு முகாம்களுக்கும் அதே பதில்.

நல்ல பலன் காட்டியவற்றில் சில: கோபம் வரும் கணத்தில் நின்று யோசிக்கப் பழக்கும் அறிதல்–நடத்தைப் பயிற்சி, குடும்பம் முழுவதோடும் வேலைசெய்யும் சிகிச்சை முறைகள், நீண்டகால வழிகாட்டித் துணை, சம்பளத்தோடு கூடிய குறுகியகால வேலை. சிகாகோவில் 2012 கோடையில் 13 பள்ளிகளைச் சேர்ந்த 1,634 மாணவர்களைக் கொண்டு குலுக்கல் முறையில் ஒரு சோதனை நடந்தது. தேர்வானவர்களுக்கு 8 வாரங்கள், வாரத்துக்கு 25 மணி நேரம், குறைந்தபட்ச ஊதியத்தில் வேலைத் திட்டம் தரப்பட்டது. உடன் ஒரு பெரியவரின் துணை. 16 மாதங்களில் வன்முறைக் குற்றக் கைதுகள் 43 விழுக்காடு குறைந்தன. அந்தக் குறைவின் பெரும்பகுதி வேலை முடிந்த பிறகு ஏற்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். பிள்ளைகள் தெருவில் இல்லாததால் மட்டும் வந்த பலனாக இருந்தால், வேலை முடிந்ததும் அது மறைந்திருக்கும்.

வழிகாட்டித் துணைத் திட்டத்துக்கு ஒரு கடுமையான நிபந்தனை உண்டு. பிள்ளைகளைத் தன்னார்வலர்களோடு இணைக்கும் அமெரிக்காவின் பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ் அமைப்பின் இணைகளை ஆராய்ந்தவர்கள், ஓராண்டுக்கு மேல் நீடித்த உறவுகளில்தான் அதிக நன்மை இருந்ததையும், சில மாதங்களிலேயே முறிந்த உறவுகள் பிள்ளையின் தன்மதிப்பைக் குறைத்ததையும் கண்டார்கள். ஓராண்டு இருக்க முடியாத தன்னார்வலரைச் சேர்க்காதீர்கள். ஓராண்டுக்கு நிதி இல்லையென்றால் வழிகாட்டித் துணைத் திட்டத்தைத் தொடங்கவே தொடங்காதீர்கள்.

படி 3: தலைக்கணக்கும் மாதக்கணக்கும்

விண்ணப்பங்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். கொஞ்சம் பொறுமையாகப் போட்டுப்பார்ப்போம்.

ஒரு களப்பணியாளருக்கு வாரம் 40 மணி நேரம். விடுப்பு, பயிற்சி, மேற்பார்வையாளரோடு பேச்சு ஆகியவற்றுக்குச் சராசரியாக 6. பதிவேடு எழுத 6. பயணத்துக்கு 6. பள்ளி, நன்னடத்தை அலுவலர், நீதிமன்றம் ஆகியவற்றோடு பேச 4. மீதி 18 மணி நேரம். இல்லத்திலிருந்து வந்த பிள்ளைக்கு முதல் மாதம் வாரம் 4 மணி நேரமாவது வேண்டும். நடுக்கட்டத்தில் 2. கடைசிக் கட்டத்தில் முக்கால் மணி. அவரிடம் 2 புதியவர்கள், 4 நடுக்கட்டத்தவர்கள், 4 கடைசிக் கட்டத்தவர்கள் இருந்தால் 8 + 8 + 3 = 19. பத்துப் பேருக்கே ஒரு மணி நேரம் துண்டு விழுகிறது. ஒருவருக்கு 25 பேர் என்று எழுதும் விண்ணப்பத்தில், வாரத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்புக்கு மேல் எதுவும் நடக்காது. மூன்றாம் பிரிவுக்கு 10 பேர் என்பதை மேல்வரம்பாக வையுங்கள். இரண்டாம் பிரிவுக்கு 15 முதல் 18 வரை போகலாம்.

அடுத்து, எத்தனை பேர் வருவார்கள், எத்தனை பேர் நிலைப்பார்கள். 24 பேர் ஓராண்டு முழுக்க இருக்க வேண்டும் என்பது இலக்கு என்று வைப்போம். 36 பேராவது தொடங்க வேண்டும். 36 பேர் தொடங்க 60 பேராவது பரிந்துரைக்கப்பட வேண்டும். இவை எடுத்துக்காட்டு எண்கள்தான், முதல் ஆறு மாதம் முடிந்ததும் உங்கள் சொந்தப் பதிவை வைத்துத் திருத்திக்கொள்ளுங்கள். ஆனால் 24 பேருக்கு இலக்கு வைத்து 24 பேரை மட்டும் சேர்ப்பவர் இலக்கை எட்டவே மாட்டார்.

மாதம் 3 பேர் வீதம் 12 மாதம் சேர்க்கிறோம். அவர்களில் 2 பேர் ஓராண்டு இருக்கிறார்கள், ஒருவர் நான்கு மாதத்தில் விலகுகிறார். எட்டாவது மாதத்தில் கையில் 16 + 4 = 20 பேர். இரண்டு பணியாளர்களுக்கு அது முழுச் சுமை. பன்னிரண்டாவது மாதத்தில் 24 + 4 = 28. ஆகவே ஒன்பதாவது மாதம் மூன்றாவது ஆள் வேலை தெரிந்தவராக இருக்க வேண்டும், அதாவது ஏழாவது மாதம் ஆள் எடுக்க வேண்டும். பதினாறாவது மாதத்தில் 16 பேராகக் குறையும், இரண்டு பேர் போதும். கடைசியாகச் சேர்ந்தவருக்கு ஓராண்டு முடிய 24 மாதம் ஆகிவிடும். ஆள் எடுக்க, ஒப்பந்தம் போட, பயிற்சி தர முன்கூட்டியே 3 மாதம். ஆக மொத்தம் 27 மாதம்.

நிதி தருபவர் 12 மாதத்துக்குத்தான் பணம் தருவார் என்றால் இதே திட்டத்தை இறுக்கிச் சுருக்கக் கூடாது. எண்ணிக்கையைக் குறையுங்கள்: பணம் வரும் முன்பே பிள்ளைகளை அடையாளம் கண்டு, முதல் இரண்டு மாதத்துக்குள் 10 பேரைச் சேர்த்து, ஒரு பணியாளரைக் கொண்டு, மீதிப் பத்து மாதமும் அவர்களோடு இருங்கள். பத்துப் பேருக்கு முழுமையாகச் செய்த வேலையைக் காட்டி அடுத்த நிதியைக் கேட்பது எளிது.

படி 4: பட்ஜெட்

மூன்றாம் பிரிவுக்கான திட்டத்துக்கு இந்தப் பங்கீடு நடைமுறைக்கு ஒத்துவரும்:

- களப்பணியாளர் சம்பளமும் சட்டப்படியான சலுகைகளும்: 54%
- மேற்பார்வை, பயிற்சி, பணியாளர்களுக்கான மனநல ஆதரவு: 8%
- பிள்ளைகளுக்கான நேரடிச் செலவு: 14%
- பயணம், தொலைபேசி: 5%
- தரவு, மதிப்பீடு: 7%
- அலுவலகம், கணக்கு, தணிக்கை, காப்பீடு: 9%
- எதிர்பாராச் செலவு: 3%

மேற்பார்வைக்கு 8 விழுக்காடா என்று கேட்பார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள். கத்திக்குத்தும் தற்கொலை முயற்சியும் கேட்டுக்கொண்டிருக்கும் பணியாளருக்கு வாரம் ஒரு மணி நேரம் பேச ஆள் இல்லையென்றால், அவர் ஓராண்டுக்குள் போய்விடுவார். அவரோடு பத்துப் பிள்ளைகளின் நம்பிக்கையும் போய்விடும். புதிய ஆளைத் தேடி எடுத்துப் பழக்க ஆகும் மூன்று நான்கு மாதச் சம்பளம், அந்த 8 விழுக்காட்டைவிட அதிகம். நிர்வாகச் செலவை 3 விழுக்காடு என்று காட்டி நல்ல பெயர் வாங்கவும் முயலாதீர்கள். உண்மையான செலவு எங்காவது ஒளியத்தான் போகிறது, தணிக்கையில் வெளிவரும்போது பதில் சொல்ல முடியாது.

விட்டுப்போகும் வரிகள் சில: பணியாளர்களின் பின்னணிச் சரிபார்ப்புக் கட்டணம், மாலை மற்றும் வார இறுதி வேலைக்கான படி, மொழிபெயர்ப்பாளர், பெற்றோர் கூட்டத்துக்கு வரும் தாயின் ஒருநாள் கூலி இழப்பு, அவர் கூட்டிவரும் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள். இந்தக் கடைசி இரண்டும் இல்லாததால்தான் "பெற்றோர் ஒத்துழைக்கவில்லை" என்று அறிக்கைகளில் எழுதப்படுகிறது.

படி 5: கையிருப்பில் ஓர் உடனடி நிதி

பிள்ளைகளுக்கான நேரடிச் செலவில் ஒரு பங்கைப் பணியாளர் அன்றைக்கே எடுக்கக்கூடியதாக வையுங்கள். வெள்ளிக்கிழமை மாலை ஒரு பட்டறையில் வேலை கிடைக்கிறது, திங்கள் காலை 7 மணிக்குப் பாதுகாப்புக் காலணியோடு வர வேண்டும் என்கிறார்கள். மூன்று விலைப்புள்ளி வாங்கி, மேலாளர் கையொப்பமிட்டு, கணக்காளர் காசோலை எழுதினால் அடுத்த வியாழன் ஆகும். திங்களன்று அவன் சாதாரணச் செருப்போடு போவான், அல்லது போகவே மாட்டான். வேலை போகும். "எனக்கு எதுவும் சரியாக அமையாது" என்று அவன் ஏற்கெனவே நம்பியிருப்பதற்கு இன்னொரு சான்று சேரும்.

விதி எளிமையாக இருக்கட்டும். ஒரு பிள்ளைக்கு ஒரு முறை இவ்வளவு, ஓராண்டுக்கு இவ்வளவு என்று இரண்டு வரம்பு. வரம்புக்குள் பணியாளரின் ஒற்றைக் கையொப்பம் போதும். பொருளாகவோ நேரடிக் கட்டணமாகவோ கொடுப்பது நல்லது, ரசீது ஒட்டிய ஒரு வரிக் குறிப்பு கட்டாயம். மாதாமாதம் வேறொருவர் சரிபார்க்க வேண்டும். நடைமுறையில் இதிலிருந்து வாங்கப்படுபவை பேருந்து அட்டை, சான்றிதழ் நகல் கட்டணம், கைப்பேசி மீள்நிரப்பு, வேலைக்கருவி, தேர்வுக் கட்டணம், மூக்குக்கண்ணாடி. தொகைகள் சிறியவை. இதை விண்ணப்பத்தில் "இதர செலவு" என்று போட்டால் வெட்டிவிடுவார்கள், "வேலை மற்றும் கல்வித் தடை நீக்கும் நிதி" என்று தனி வரியாக, வரம்பு விதிகளோடு எழுதுங்கள்.

படி 6: விடுதலைக்கு முன்பே செலவு தொடங்க வேண்டும்

மறுவாழ்வுத் திட்டங்களில் பெரிய ஓட்டை, பணம் விடுதலை நாளிலிருந்து மட்டும் ஓடத் தொடங்குவது. குறைந்தது 3 மாதம் முன்பே, இல்லத்துக்குள் போய்ச் சந்திக்கும் நேரத்துக்கும் பயணத்துக்கும் நிதி கேளுங்கள். அதில் முதல் வேலை இல்ல நிர்வாகத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி. அது கிடைக்க வாரங்கள் ஆகும், ஆகவே முன்மொழிவு எழுதும்போதே தொடங்க வேண்டும்.

அந்த மூன்று மாதத்தில் முடிய வேண்டியவை: அடையாள ஆவணங்கள், பள்ளி மாற்றுச் சான்றிதழும் மதிப்பெண் பதிவும், மருந்துச் சீட்டு, எங்கே தங்குவான் என்ற முடிவு, அந்த வீட்டாரோடு இரண்டு மூன்று சந்திப்பு. கடைசியில் சொன்னதுதான் கடினம். தாய் பயத்தில் இருப்பார், புதுத் தகப்பன் வேண்டாம் என்பார், பாதிக்கப்பட்ட குடும்பம் அடுத்த தெருவில் இருக்கும். அந்த வீடு சரிவராது என்று விடுதலைக்கு முந்தைய நாள் தெரியவந்தால் மாற்று இடம் கிடைக்காது. எனவே இரண்டாவது இடம் ஒன்றைப் பெயர் சொல்லித் திட்டத்தில் வையுங்கள். உறவினர் வீடாக இருக்கலாம், விடுதியாக இருக்கலாம், அதற்கு இரண்டு மாத வாடகையை ஒதுக்குங்கள்.

விடுதலை நாளன்று பணியாளர் வாசலில் நிற்க வேண்டும். அன்றைய வேலைநேரம் முழுவதும் ஒரே பிள்ளைக்குத்தான் என்று கணக்கில் போடுங்கள். மாற்றுடை, எண்கள் பதிந்த கைப்பேசி, இரண்டு வாரத்துக்காவது மருந்து, நன்னடத்தை அலுவலரைச் சந்திக்க வேண்டிய தேதி எழுதிய தாள். முதல் மூன்று நாளும் தினமும் நேரில் சந்திப்பு. பழைய நண்பர்கள் வந்து சேர்வது பெரும்பாலும் அந்த மூன்று நாட்களில்தான், மகிழ்ச்சியோடும் பணத்தோடும் வருவார்கள். நம் ஆள் நான்காவது நாள் வந்தால் காலம் கடந்துவிட்டது.

முதல் மாதத்துக்குள் பள்ளியோ தொழிற்பயிற்சியோ வேலையோ ஏதாவது ஒன்று காலையில் எழுந்து போவதற்கு இருக்க வேண்டும். ஆறாவது மாதத்தையொட்டி ஒரு தளர்ச்சி வருவது வழக்கம். முதல் உற்சாகம் போயிருக்கும், முதலாளியோடு சண்டை வரும், கடன் சேரும். அந்த மாதங்களில் சந்திப்பைக் குறைக்கும்படி அட்டவணை போட்டிருந்தால் மாற்றுங்கள். ஒரு பிள்ளை மீண்டும் தவறு செய்தால் உடனே திட்டத்திலிருந்து நீக்கும் விதியையும் வைக்காதீர்கள். யாரை மீட்கப் பணம் வாங்கினோமோ அவர்களையே அந்த விதி வெளியே தள்ளும். பணியாளரின் பாதுகாப்புக்கு ஆபத்து என்றால் மட்டும் நீக்கம், அதுவும் வேறொரு சேவைக்கு ஒப்படைத்த பிறகு.

படி 7: பணம் எங்கே இருக்கிறது

நீதித்துறை, உள்துறை நிதி மட்டுமே கண்ணில் படும். ஆனால் இந்த வேலை கல்வி, வேலைவாய்ப்பு, மனநலம், போதை மீட்பு, விளையாட்டு, வீட்டுவசதி எல்லாவற்றையும் தொடுகிறது. ஒவ்வொரு துறைக்கும் தனி நிதித் தலைப்பு இருக்கும். திட்டத்தைத் துண்டுகளாகப் பிரித்து, எந்தத் துண்டுக்கு எந்தத் துறை என்று ஓர் அட்டவணை போடுங்கள். பயிற்சி உதவித்தொகையை வேலைவாய்ப்புத் துறையும், ஆற்றுப்படுத்துநரை சுகாதாரத் துறையும் ஏற்றால், அறக்கட்டளைப் பணம் களப்பணியாளருக்கு மிஞ்சும்.

தனியார் அறக்கட்டளைகள் புதிய முயற்சிக்கும், அரசு ஏற்க மறுக்கும் விடுதலைக்கு முந்தைய வேலைக்கும் பொருத்தம். நிறுவனங்களிடம் பணத்தைவிட வேலையிடங்களைக் கேளுங்கள், மேற்பார்வையாளர் ஒருவரின் நேரத்தோடு சேர்த்து. தனிநபர் நன்கொடை தொகையில் சிறியது, ஆனால் நிபந்தனை இல்லாதது. கையிருப்பு சேர்க்க அது ஒன்றுதான் வழி.

எந்த ஒரு மூலமும் மொத்தத்தில் பாதிக்கு மேல் போகாமல் பாருங்கள். செலவு செய்துவிட்டு ரசீது காட்டித் திரும்பப் பெறும் வகை நிதியாக இருந்தால் கூடுதல் எச்சரிக்கை: மூன்று மாதச் சம்பளம் கையில் இல்லாமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். அரசுப் பணம் தாமதமாகும். தாமதமாகும் மாதத்தில் பணியாளருக்குச் சம்பளம் இல்லை, அவர் வேறு வேலைக்குப் போவார். முன்பணமாக 25 விழுக்காடு கேட்டுப் பாருங்கள், கேட்டால் தரும் இடங்கள் உண்டு.

பலன் வந்தால் மட்டும் பணம் என்ற ஒப்பந்தங்களும் இருக்கின்றன. நியூயார்க்கின் ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் 16 முதல் 18 வயதினருக்காக 2012இல் தொடங்கியது அத்தகைய ஒன்று. கோல்ட்மேன் சாக்ஸ் வங்கி கடன் கொடுத்தது, ப்ளூம்பெர்க் அறக்கட்டளை அதில் பெரும்பகுதிக்கு உத்தரவாதம் நின்றது. மறுகுற்றம் குறையவில்லை என்று வெளி மதிப்பீடு சொன்னதும் 2015இல் திட்டம் நிறுத்தப்பட்டது, மாநகரம் முதலீட்டாளருக்குப் பணம் தரவில்லை. வரிப்பணத்துக்கு அது பாதுகாப்பு. ஆனால் உத்தரவாதம் நிற்க யாருமில்லாத சிறு அமைப்பு இந்த ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டால் ஒரு மோசமான ஆண்டிலேயே மூடவேண்டி வரும்.

படி 8: முன்மொழிவு எழுதும்போது

முதல் பக்கத்திலேயே யார், எத்தனை பேர், எத்தனை மாதம், என்ன மாறும் ஆகிய நான்கும் தெரிய வேண்டும். சர்வதேச அடிப்படை கேட்டால் மூன்று ஆவணங்கள் போதும். சட்டத்தோடு முரண்பட்ட பிள்ளை மீண்டும் சமூகத்தில் இணைவதைக் குறிக்கோளாக்கும் 1989ஆம் ஆண்டின் குழந்தை உரிமை உடன்படிக்கை, 40ஆம் உறுப்பு. சிறார் நீதி நிர்வாகம் பற்றிய 1985ஆம் ஆண்டின் பெய்ஜிங் விதிகள். குற்றத் தடுப்பு பற்றிய 1990ஆம் ஆண்டின் ரியாத் நெறிமுறைகள். அரசு போதிய நிதி ஒதுக்க வேண்டும் என்பதோடு, அது இளையோரைச் சென்றடைந்து உண்மையில் பயன்பட வேண்டும் என்பதையும் ரியாத் நெறிமுறைகள் வலியுறுத்துகின்றன. உங்கள் பட்ஜெட்டை நியாயப்படுத்த இதைவிட நேரடியான அடிப்படை கிடைக்காது.

ஆதரவுக் கடிதங்களில் வாழ்த்து வேண்டாம், வாக்குறுதி வேண்டும். "மாதம் 5 பரிந்துரைகள் அனுப்புவோம், செவ்வாய் மதியங்களில் ஓர் அறை தருவோம், பெயர் நீக்கிய தரவை ஆறு மாதத்துக்கு ஒருமுறை தருவோம்" என்று எழுதிய ஒரு கடிதம் பத்து வாழ்த்துக் கடிதங்களுக்கு மேல். பரிந்துரை வராமல் போவதுதான் முதல் ஆண்டில் திட்டங்கள் தடுமாற முதன்மையான காரணம். பரிந்துரைக்கும் அலுவலர் மாற்றலாகிப் போவார், அடுத்தவருக்கு உங்களைத் தெரியாது. அதனால் கடிதம் தனிநபரிடமிருந்து இல்லாமல் அலுவலகத்திடமிருந்து வரட்டும், ஒரே ஒரு பரிந்துரை வாசலை நம்பாமல் குறைந்தது மூன்று வைத்திருங்கள்.

படி 9: பெயரையும் முகத்தையும் காப்பது

நன்கொடையாளர் கதை கேட்பார், படம் கேட்பார். பெய்ஜிங் விதிகளின் 8ஆம் விதி, சிறாரை அடையாளம் காட்டும் எந்தத் தகவலும் வெளியாகக் கூடாது என்கிறது. பல நாடுகளில் அது சட்டம். பெயரை மாற்றினால் மட்டும் போதாது. வயது, தெரு, குற்றத்தின் வகை மூன்றும் சேர்ந்தாலே அந்தப் பகுதியில் உள்ள எல்லாருக்கும் யாரென்று தெரிந்துவிடும். அறிக்கைகளில் 5 பேருக்குக் குறைவான எந்தப் பிரிவையும் தனி எண்ணாகக் காட்டாதீர்கள். இன்று சம்மதிக்கும் பதினாறு வயதுப் பிள்ளை, இருபத்தைந்து வயதில் வேலைக்கு நேர்காணலுக்குப் போகும்போது அந்தப் படம் இணையத்தில் இருக்கும். முகமில்லாத படம், கைவேலை, கட்டிய சுவர், பெற்ற சான்றிதழின் பெயர் மறைத்த நகல், இவை போதும். இதை நிதி ஒப்பந்தத்திலேயே ஒரு பிரிவாக எழுதிவிடுங்கள், பின்னால் வாதாட வேண்டியிருக்காது.

படி 10: பலனை அளப்பது

மறுகுற்றம் என்றால் கைதா, குற்றச்சாட்டா, தண்டனையா? ஆறு மாதத்திலா, இரண்டு ஆண்டிலா? முதல் நாளே எழுதிவையுங்கள். கைது என்பது பிள்ளையின் நடத்தையோடு காவல்துறையின் ரோந்து எங்கே அதிகம் என்பதையும் சேர்த்தே காட்டும். 24 பேரில் ஒருவர் என்பது 4 விழுக்காட்டுக்கும் மேல். இத்தனை சிறிய எண்ணிக்கையில் "30 விழுக்காடு குறைத்தோம்" என்று சொல்வது நேர்மையாகாது. சேர விரும்புபவர்கள் இடத்தைவிட அதிகம் என்றால் குலுக்கல் முறையில் எடுத்து, இடம் கிடைக்காதவர்களோடு ஒப்பிடலாம், அது நியாயமும்கூட. அதற்கு வழியில்லாதபோது மறுகுற்றத்தோடு சேர்த்துப் பள்ளி வருகை நாட்கள், வேலையில் தொடர்ந்த வாரங்கள், நிலையான இருப்பிடம், பணியாளரோடு நடந்த சந்திப்புகளின் எண்ணிக்கை ஆகியவற்றை மாதாமாதம் பதியுங்கள். குற்றம் குறையவும் செய்யலாம், குறையாமலும் போகலாம். ஆனால் வாரம் 4 மணி நேரம் என்று எழுதிவிட்டு 1 மணி நேரம்தான் கொடுத்தோம் என்பது மூன்றாவது மாதமே தெரிந்தால் திருத்த வாய்ப்பிருக்கும்.

படி 11: நிதி முடியும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

நிதி முடியும் தேதியை நாள்காட்டியில் குறித்து, ஒரு பிள்ளைக்கு வாக்களித்த மாதங்களைக் கழியுங்கள். கிடைக்கும் தேதிக்குப் பிறகு, புதிய நிதி எழுத்தில் உறுதியாகும்வரை புதியவர்களைச் சேர்க்க வேண்டாம். நிதி தருபவர் எண்ணிக்கை குறைகிறதே என்று கேட்கலாம். அதற்குப் பதிலாக இந்தக் கணக்கையே காட்டுங்கள். அடுத்த விண்ணப்பத்தை முடிவுக்கு 9 மாதம் முன்பே அனுப்புங்கள், முடிவு தெரிய ஐந்தாறு மாதம் ஆவது சாதாரணம்.

கடைசி மூன்று மாதம் ஒப்படைப்புக்கு. ஒவ்வொரு பிள்ளைக்கும் தொடர்ந்து இருக்கப்போகும் ஒரு பெரியவரை, அத்தையோ, ஆசிரியரோ, முதலாளியோ, தன்னார்வலரோ, அடையாளம் கண்டு பணியாளர் மூன்று முறையாவது இருவரையும் சேர்த்துச் சந்திக்க வேண்டும். திட்டம் எப்போது முடிகிறது என்பதைப் பிள்ளையிடம் தேதியோடு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். உடனடி நிதியில் மீதமிருப்பதை கடைசி வாரத்தில் பொருளாக வாங்கிக் குவிக்காமல், நிதி தருபவரின் ஒப்புதலோடு, அடுத்த மூன்று மாதங்களுக்கான பயண அட்டை, தேர்வுக் கட்டணம் போன்றவற்றுக்கு முன்கூட்டியே கட்டிவிடுங்கள். கோப்புகளை எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும், எப்போது அழிக்க வேண்டும் என்பதையும் சட்டப்படி எழுதிவைத்து, சாவியை யார் வைத்திருப்பார் என்பதைப் பெயரிட்டுக் கணக்கை முடியுங்கள்.